குழந்தைக்கு ஹெப்பாட்டிடிஸ் பி: டாக்டர் ஏன் உடனே மருந்து தருவதில்லை?

பிள்ளையின் இரத்தப் பரிசோதனையில் ஹெப்பாட்டிடிஸ் பி இருப்பதாகத் தெரிந்து, பதறிப்போய் நிபுணரிடம் ஓடும் பெற்றோருக்கு அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்ப்போம்." கேட்டதும் அடிவயிறு கலங்கும். கிருமி இருக்கிறது என்கிறார்கள், மருந்தும் இருக்கிறது என்கிறார்கள், அப்புறம் ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்? அரசாங்க மருத்துவமனை என்பதால் அலட்சியமா, காசு கட்டித் தனியாரிடம் போனால் கிடைக்குமா என்றெல்லாம் மனம் ஓடும். மலேசியாவில் செந்தூலிலும் கேட்டிருக்கிறேன், பட்டர்வொர்த்திலும் கேட்டிருக்கிறேன், கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் சிகிச்சை பற்றிய மற்ற எல்லாமே தானாகப் புரிந்துவிடும்.

ஹெப்பாட்டிடிஸ் பி கல்லீரலில் தங்கும் ஒரு வைரஸ். இரத்தம் வழியாகவும் உடல் திரவங்கள் வழியாகவும் பரவும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து வருகிறது. தாய்க்கே தன் உடம்பில் அது இருப்பது தெரியாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அவருடைய தாயிடமிருந்து வந்திருக்கலாம். இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமே இல்லை. மாமியார் வீட்டிலிருந்து வரும் பேச்சுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எந்த வயதில் தொற்றியது என்பது மிக முக்கியம். வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் நிலைமை தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரத் தொற்றாக மாறுகிறது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் நான்கில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை அப்படி ஆகலாம். பச்சைக் குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி இந்த வைரஸை அந்நியனாக அடையாளம் காண்பதில்லை. வந்தது, தங்கியது, பெருகியது. உடம்பு கண்டுகொள்ளவே இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் இரத்தத்தில் நீடித்தால் அதை நாள்பட்ட தொற்று என்பார்கள்.

இனி சொல்வதுதான் முழு விஷயத்தின் அடிப்படை. இந்த வைரஸ் நேரடியாகக் கல்லீரலை அரிப்பதில்லை. வைரஸ் குடியிருக்கும் செல்களை நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டு தாக்கும்போதுதான் கல்லீரல் புண்படுகிறது. உடம்பு தாக்காமல் இருக்கும் காலத்தில், இரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் இருந்தாலும் கல்லீரல் கிட்டத்தட்ட நலமாகவே இருக்கும். பிள்ளை ஓடும், விளையாடும், நாசி லெமாக் கேட்டு அடம்பிடிக்கும். இதைச் சகிப்புக் கட்டம் என்கிறார்கள். பிறப்பில் தொற்றிய குழந்தைகளுக்கு இது பல ஆண்டுகள், சிலருக்கு இருபது வயதைத் தாண்டியும் நீடிக்கும்.

பிறகு ஒரு நாள் உடம்பு விழித்துக்கொள்ளும். தாக்குதல் தொடங்கும். கல்லீரல் அழற்சி ஏறும். இது தீவிரக் கட்டம். மருந்துக்கான வேளை பெரும்பாலும் இதுதான்.

பரிசோதனைக் காகிதத்தை எப்படிப் படிப்பது

டாக்டர் தந்த காகிதத்தை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். ஏராளமான வரிகள் இருக்கும். நமக்கு முதலில் வேண்டியது நான்குதான்.

எஸ் ஆன்டிஜென் (HBsAg, வைரஸின் மேலுறைப் புரதம்) என்ற வரி 'பாசிட்டிவ்' என்றால் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று பொருள். இந்த ஆன்டிஜெனைக் கண்டுபிடித்தவர் பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி; அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். இவர் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

அடுத்தது இ ஆன்டிஜென் (HBeAg, வைரஸின் இன்னொரு புரதம்). இது பாசிட்டிவ் என்றால் வைரஸ் பொதுவாக வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. இது மறைந்து, இதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் தோன்றினால் நல்ல திருப்பம். மருந்தே இல்லாமல்கூட இது நடக்கும்: பிறப்பில் தொற்றிய பிள்ளைகளில் மூன்று வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் குறைவு, மூன்று வயதுக்கு மேல் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சேரும்.

மூன்றாவது வைரஸின் டி.என்.ஏ. அளவு, அதாவது இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பது. நான்காவது ஏ.எல்.டி. இது கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. செல்கள் சிதைந்தால் இரத்தத்தில் கசியும். எண் உயர்ந்தால் கல்லீரலில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் பையனுக்கு ஐந்து வயது. டி.என்.ஏ. 20 கோடி அலகு, ஏ.எல்.டி. 24. இரண்டாவது பெண் குழந்தைக்கு எட்டு வயது. டி.என்.ஏ. 1 கோடி அலகு, ஏ.எல்.டி. 95; ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 110. காகிதத்தைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் முதல் பையனை நினைத்துத்தான் தூக்கம் போகும், இருபது கோடியாயிற்றே! ஆனால் டாக்டருக்குக் கவலை தருவது அந்தப் பெண் குழந்தை. பையனின் உடம்பு இன்னும் தாக்குதலைத் தொடங்கவில்லை. அந்தப் பெண்ணின் கல்லீரலோ மாதக்கணக்கில் அடிவாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பையனுக்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றுள்ள மருந்துகள், உடம்பு ஏற்கனவே தாக்கத் தொடங்கிவிட்ட நேரத்தில்தான் நன்றாக வேலை செய்கின்றன. சகிப்புக் கட்டத்தில் கொடுத்தால் இ ஆன்டிஜென் மறைவது அரிது. பலனில்லாமல் பல ஆண்டுகள் தினமும் மாத்திரை, பக்கவிளைவு, இடையில் நிறுத்தினால் வைரஸ் திரும்ப ஏறுவது, சில மருந்துகளில் வைரஸ் பழகிப்போய் மருந்துக்கு அடங்காமல் போவது என்று நஷ்டக் கணக்குதான் நீளும். ஆகவே காத்திருப்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான், ஒரே நிபந்தனையோடு: பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றால் ஆறு மாதம்தான். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு வருடம் போகாமல் விடுவது ஆபத்து, ஏனென்றால் தீவிரக் கட்டம் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்கும். வலி இருக்காது, மஞ்சள் காமாலையும் இருக்காது. பிள்ளைப் பருவத்தில் தொற்றியவர்களைச் சிகிச்சையோ கண்காணிப்போ இல்லாமல் விட்டால், அவர்களில் நான்கில் ஒருவர் வரை பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்தாலோ கல்லீரல் புற்றுநோயாலோ உயிரிழக்கக்கூடும். அந்த நான்கில் ஒருவராக நம் பிள்ளை ஆகாமல் இருக்கத்தான் இந்த ஆறு மாதக் கணக்கு.

மருந்து எப்போது, எந்த மருந்து

குழந்தை மருத்துவ வழிகாட்டல்கள் பொதுவாகச் சொல்வது: ஏ.எல்.டி. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேலாக உயர்ந்தே இருந்து (இயல்பின் உச்ச அளவைப் போல ஒன்றரை மடங்கு, அல்லது 60க்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு), டி.என்.ஏ.வும் அதிகமாக இருந்தால் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். கூடவே ஸ்கேன், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், சில பிள்ளைகளுக்கு ஊசி மூலம் சிறு திசு எடுத்துப் பார்ப்பது, குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருக்கிறதா என்ற விசாரணை எல்லாம் சேரும். தாத்தா "வயிறு வீங்கி" இறந்தார் என்பது போன்ற பழைய செய்திகளை மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டரின் முடிவையே அது மாற்றலாம்.

மருந்துகள் இரண்டு வகை. முதல் வகை இன்டர்ஃபெரான் ஊசி. இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. பழைய இன்டர்ஃபெரான் ஒரு வயதிலிருந்தே அனுமதிக்கப்பட்டது. வாரம் மூன்று ஊசி. புதிய வடிவமான பெக்-இன்டர்ஃபெரான் மூன்று வயதுக்கு மேல், வாரம் ஒரு ஊசி, 48 வாரம். இதன் பெரிய நன்மை, முடிவுத் தேதி உள்ள சிகிச்சை என்பது. பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இ ஆன்டிஜென் மறைந்து எதிர்ப்பொருள் வந்தது. மருந்தில்லாத குழுவில் இது 6 சதவீதம். விலையாகக் கொடுக்க வேண்டியது ஒரு சிரமமான வருடம்: ஊசி போட்ட இரவு காய்ச்சல், உடம்பு வலி, பசியின்மை, எடை ஏறாமை, எரிச்சல், வெள்ளை அணுக்கள் குறைவது. சிகிச்சைக் காலத்தில் சில பிள்ளைகளின் வளர்ச்சியும் சற்று மந்தமாகும். கல்லீரல் ஏற்கனவே செயலிழக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதைக் கொடுக்கக்கூடாது.

இரண்டாவது வகை வாய்வழி மருந்து. இவை வைரஸ் தன்னை நகலெடுப்பதைத் தடுக்கின்றன. என்டகாவிர், இரண்டு வயதும் பத்து கிலோ எடையும் ஆன பிள்ளைகளுக்கு. டெனோஃபோவிர் முதலில் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் இருந்தது, 2018இல் அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அனுமதி கிடைத்தது. எலும்பின் உறுதியையும் சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். லாமிவுடின் பழைய மருந்து. பல வருடங்கள் நிறையப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் வைரஸ் அதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது, ஐந்து வருடம் தொடர்ந்து எடுத்த பெரியவர்களில் 70 சதவீதம் வரை. லாமிவுடினுக்குப் பழகிய வைரஸிடம் என்டகாவிரும் பின்னால் தோற்க வாய்ப்பு அதிகம். ஆகவே வேறு நல்ல மருந்து கிடைக்கும்போது அதில் தொடங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பது தப்பில்லை.

என்டகாவிரை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கொடுத்த பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் காலையில் இது நடக்காத காரியம். இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்து ஒன்பதரைக்கு மருந்து, அப்படியே தூக்கம் என்று வைத்துக்கொண்டால் வீடு முழுக்கப் பழகிவிடும். அந்த மருந்துக்குப் பிறகு ஒரு கப் மைலோ கேட்டால் கொடுக்கக்கூடாது, அதுதான் முதல் மாதத்தில் பெரிய போராட்டமாக இருக்கும். அளவு எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளர மாறும். ஆகவே ஒவ்வொரு தடவையும் எடை பார்த்துக் குறித்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள்.

பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 48 வாரம் என்டகாவிர் எடுத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கு வைரஸ் அடங்கி, இ ஆன்டிஜெனும் மறைந்து எதிர்ப்பொருள் வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 3 சதவீதம். இதைப் பார்த்து, "அப்போ முக்கால்வாசிப் பேருக்குப் பலன் இல்லையா?" என்று மனம் தளர வேண்டாம். மீதிப் பேரில் பலருக்கும் வைரஸ் அளவு இறங்கும், ஏ.எல்.டி. இயல்புக்கு வரும். கல்லீரலுக்குக் கிடைக்கும் அந்த ஓய்வே பெரிய பலன்.

முழுக்கக் குணமாகுமா என்றால், இன்றைய மருந்துகளால் வெகு சிலருக்குத்தான் எஸ் ஆன்டிஜெனும் மறைகிறது. காரணம், வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மூல அச்சைப் பதுக்கி வைத்துவிடுகிறது. முறுக்கு பிழிவதை மருந்து நிறுத்திவிடும், ஆனால் அச்சு அடுக்களையிலேயே இருக்கும். மருந்தை நிறுத்தினால் மறுபடி பிழியத் தொடங்கலாம். அதனால்தான் வாய்வழி மருந்தை, இ ஆன்டிஜென் மறைந்து எதிர்ப்பொருள் வந்த பிறகும் குறைந்தது இன்னொரு வருடம் தொடரச் சொல்கிறார்கள். நாமாக நிறுத்தவே கூடாது. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோய், "சரி, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதும் நிறுத்துவதுதான். சட்டென்று நிறுத்திய பிறகு அழற்சி பயங்கரமாக ஏறி, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகக்கூடும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வேறு நோய்க்காக அதிக அளவு ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ கொடுக்க வேண்டி வந்தால், சகிப்புக் கட்டத்தில் இருந்தாலும் வைரஸ் மருந்தை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கும். சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு தரும் டாக்டருக்கு ஹெப்பாட்டிடிஸ் பி விவரம் தெரியாமல் போகக்கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லி பற்றி

நம் வீடுகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. கல்லீரல் என்றதும் பாட்டி கீழாநெல்லியைத்தான் நினைப்பார். மலாய்க்காரர்கள் டுக்கொங் அனாக் என்று சொல்லும் அதே செடி, பினாங்கில் வாய்க்கால் ஓரத்திலேயே முளைக்கும். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அறிவியலே இதைப் பரிசோதித்திருக்கிறது. 1988இல் சென்னை ஆய்வாளர்களும், முன்னே சொன்ன அதே பிளம்பர்க்கும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எஸ் ஆன்டிஜென் மறைந்ததாக அதில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும், நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

ஆகவே பாட்டியிடம் மரியாதையாகவே சொல்லலாம்: பார்த்துவிட்டார்கள் பாட்டி, இந்தக் கிருமிக்கு அது போதவில்லை. மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுப்பது பிள்ளையின் காலத்தை வீணாக்குவது. நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவும் உருண்டையாகவும் கிடைக்கும் கலவைகளில் இன்னொரு தொல்லை உண்டு: உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது, சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுக்கும். ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஏ.எல்.டி. ஏறியதற்கு வைரஸ் காரணமா, பொடி காரணமா என்று அவர் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

வீட்டிலும் பாலர் பள்ளியிலும்

இந்தப் பிள்ளையைத் தனித்தட்டில் சாப்பிட வைப்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே கோப்பையில் குடிப்பதாலும், கட்டிப்பிடிப்பதாலும், இருமல் தும்மலாலும் இது பரவாது. நீச்சல் குளத்துக்கும் போகலாம். பல்துலக்கி, நகவெட்டி, சவரக்கத்தி இவற்றை மட்டும் பகிரக்கூடாது. காயம் பட்டால் கழுவி, பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். சிந்திய இரத்தத்தைக் கையுறை போட்டு, குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

உணவில் பத்தியம் எதுவும் தேவையில்லை. உடல் பருமன் மட்டும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்துச் சுமையைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பனடோலை (பாராசிட்டமால்) எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம், அளவை மீறாமல். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போவது, ஓயாத வாந்தி, காரணமில்லாத இரத்தக் கசிவு, பிள்ளை மந்தமாகிக் குழம்பிப் பேசுவது, இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே போவது என்பது இங்கே பெரிய சிக்கல் இல்லை. பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், பினாங்கில் பொது மருத்துவமனை என்று பெரிய இடங்களுக்குப் போகலாம். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. குழந்தைகளின் குடல், கல்லீரல் நோய்களைப் பார்க்கும் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எல்லாப் பரிசோதனைக் காகிதங்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். ஒற்றை எண்ணைவிட, மூன்று வருட எண்கள் வரிசையாக இருந்தால் டாக்டர் அதிகம் புரிந்துகொள்வார். பன்னிரண்டு வயதைத் தாண்டும்போது, இதுவரை மருந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் மறுபடி ஒரு முறை கேளுங்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனம், பன்னிரண்டு வயதிலிருந்து மேற்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கும் வரம்பைத் தளர்த்தியிருக்கிறது.

பிள்ளைக்குத் தெரியவந்த அதே வாரம் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்யுங்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்பாட்டிடிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த அப்பா, அம்மா, மாமா, சித்தி, பாட்டி பலரும் போட்டிருக்க மாட்டார்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

முக்கியமாக அம்மா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆறு மாதமும் மருத்துவமனைக்கு ஓடும் எத்தனையோ தாய்மார்கள், தங்கள் கல்லீரலைப் பார்த்துக்கொண்டதே இல்லை. அவருக்கும் அதே தொற்று இருந்தால், அவர் வயதில் மருந்து தேவைப்படும் வாய்ப்பு பிள்ளையைவிட அதிகம். அடுத்த குழந்தை உண்டானால் தொடக்கத்திலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்: வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்கு டெனோஃபோவிர் கொடுப்பார்கள். பிறந்ததும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், முடிந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், குழந்தைக்குத் தடுப்பூசியும், தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். பிறகு இரண்டு, மூன்று, ஐந்து, பதினெட்டாவது மாதத் தடுப்பூசிகளில் ஒன்றும் விடுபடக்கூடாது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்பது மாதம் ஆன பிறகு குழந்தைக்கு இரத்தம் எடுத்து, தொற்று இல்லை, எதிர்ப்பொருள் இருக்கிறது என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். அந்தப் பரிசோதனையைப் பல இடங்களில் நாமாகக் கேட்டால்தான் செய்வார்கள்.